முகவரி வரியில் ஒரு பல்கலைக்கழகம்

எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வரும் ஆராய்ச்சி மாணவர்கள் முதலில் புத்தகம் கேட்பது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வந்தவுடன் கைப்பேசியை நீட்டி, "சார், இந்த ஜர்னல் அனெக்ஸர் ஒன்ல இருக்கா?" என்பார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முன்பு, பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட ஆய்விதழ்களில் மாணவரின் கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது, அந்த இதழ்களின் பட்டியல் பின்னிணைப்பாக வெளியிடப்பட்டதால் பட்டியலுக்கே அனெக்ஸர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தைக் கையோடு கொண்டுபோவதுபோல, எங்கள் பக்கத்து ஸ்காலர்கள் அந்தப் பட்டியலைக் கையோடு வைத்திருந்தார்கள். ஆய்வுத் தலைப்பு முடிவாகும் முன்பே இதழ் முடிவாகிவிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நான் கொங்குப் பகுதியில் ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியின் நூலகன். பகுதிநேரமாக நூலக அறிவியலில் ஆராய்ச்சி செய்தபோது, அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீடுகளைக் கணக்கெடுப்பதைத்தான் தலைப்பாக எடுத்துக்கொண்டேன். எங்கள் துறைக்காரர்களைத் தெரிந்தவர்கள் இங்கே சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் நூலக அறிவியல் எம்.ஃபில். ஆய்வேடுகளை அடுக்கி வைத்தால், ஏதாவது ஒரு நிறுவனத்தின் கட்டுரைகளை ஆண்டுவாரியாக எண்ணி அட்டவணை போட்டவையே பெரிய அடுக்காக நிற்கும். என் வழிகாட்டியும் ஒளிவுமறைவில்லாமல், "தரவு அங்கேயே இருக்கு. இறக்கி, எண்ணி, எழுதிடு. ரெண்டு வருஷத்துல வைவா" என்றுதான் சொன்னார். எண்ணுவது எளிதென்று நானும் நம்பினேன். எண்ண உட்கார்ந்த பிறகுதான், எதை எண்ணுகிறோம் என்ற கேள்வி வந்தது.

எண்ணும் பழக்கம் எங்கள் தொழிலுக்குப் புதிதில்லை. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் பணியைக் கணித முறையில் அளக்க வேண்டும் என்று 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஆஸ்லிப் என்ற நூலக அமைப்பின் மாநாட்டில் சொல்லி, அதற்கு லைப்ரமெட்ரி என்று பெயரும் வைத்தார். வெளியீடுகளை எண்ணி அளக்கும் முறைக்கு பிப்ளியோமெட்ரிக்ஸ் என்ற சொல்லை ஆலன் பிரிட்சர்ட் முன்வைத்தது அதற்கு 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 1969இல். ரங்கநாதன் அளக்க நினைத்தது நூலகத்தை. எத்தனை வாசகர், எத்தனை புத்தகம், எவ்வளவு நேரம் என்பதுதான் அவர் கவலை. ஆராய்ச்சியாளரையே அளக்கும் கருவி பிலடெல்ஃபியாவிலிருந்து வந்தது. யூஜின் கார்ஃபீல்டு 1964இல் வெளியிட்ட சயன்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ், எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறது என்பதைத் தொகுத்தது. அது தேடுவதற்கென்று செய்யப்பட்ட கருவி. ஒரு பழைய கட்டுரையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின் அந்த விஷயத்தில் யார் யார் எழுதினார்கள் என்று முன்னோக்கிப் போகலாம். தேடுவதற்குச் செய்த கருவியைத் தராசாக்கியது பின்னால் வந்தவர்களின் வேலை.

அந்த இண்டெக்ஸின் இன்றைய வடிவமான வெப் ஆஃப் சயன்ஸ் தரவுத்தளத்துக்குச் சந்தா கட்டும் வசதி எங்கள் கல்லூரிக்கு இல்லை. சந்தா வைத்திருந்த ஒரு நூலகத்தில் அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் பேருந்து பிடித்துப் போய் உட்காருவேன். ஒரு தடவைக்கு 500 பதிவுகள்தான் இறக்க முடியும். அதற்கு மேல் என்றால் மறுபடி 501 முதல் 1000 வரை என்று எண் கொடுத்து இறக்க வேண்டும். இறங்கி வருவது வெறும் எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டெழுத்துக் குறி இருக்கும்: ஏ.யு. என்றால் ஆசிரியர் பெயர், எஸ்.ஓ. என்றால் இதழ், டி.சி. என்றால் அதுவரை கிடைத்த மேற்கோள், சி1 என்றால் முகவரி. நான் எண்ணப் போன பல்கலைக்கழகத்தின் சுருக்கெழுத்தும் ஏ.யு. என்பதால், கோப்பில் தேடும்போதெல்லாம் ஆயிரக்கணக்கில் வந்து விழும். முதல் சனிக்கிழமை இதிலேயே போய்விட்டது.

ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்தது என்பது தரவுத்தளத்துக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது சி1 வரி மட்டும்தான். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆசிரியர் தன் முகவரியை எப்படி அடித்தாரோ, அதை இதழ் எப்படி அச்சிட்டதோ, தரவுத்தளக்காரர்கள் எப்படிச் சுருக்கினார்களோ, அந்த மூன்று கைகளையும் தாண்டி வந்ததுதான் ஆய்வு வெளியீடு என்ற பெயரில் தரவரிசையில் ஏறுகிறது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இதன் சிக்கல் உடனே புரியும். 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது கிண்டி பொறியியல் கல்லூரி. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, அதாவது ஏ.சி. டெக், 1944இல் வந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யை, அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியை, 1949இல் சி. ராஜம் தன் வீட்டை விற்ற பணத்தை முதலாகப் போட்டுத் தொடங்கினார். இவற்றையும் கட்டடக்கலைப் பள்ளியையும் சேர்த்து 1978இல் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவானது. 1982இல் அண்ணா பல்கலைக்கழகம் என்று பெயர் சுருங்கியது. 2001இல் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகளெல்லாம் அதன் இணைப்பில் வந்தன. 2007இல் அதைப் பிரித்துக் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் அமைத்தார்கள். 2010இல் மதுரையும் சேர்ந்தது. 2012இல் எல்லாம் மறுபடி ஒன்றாயின. இதற்கிடையில் 1996இல் ஊரின் பெயர் மெட்ராஸிலிருந்து சென்னையாக மாறியது. ஊர் மாறினாலும் தரவுத்தளத்துக்காரர்கள் பல ஆண்டுகள் மெட்ராஸ் 600025 என்றே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே என் கோப்பில் அண்ணா யுனிவ் மெட்ராஸ் இருந்தது. அண்ணா யுனிவ் சென்னை இருந்தது. பல்கலைக்கழகப் பெயரே இல்லாமல் வெறும் கிண்டி பொறியியல் கல்லூரி இருந்தது. அண்ணா யுனிவர்சிட்டி ஆஃப் டெக்னாலஜி கோயம்புத்தூர் என்று, ஐந்து ஆண்டு மட்டும் வாழ்ந்து மறைந்த ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. எம்.ஐ.டி. என்று மட்டும் போட்ட கட்டுரைகள் எனக்குக் கொடுத்த தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். உலகத்துக்கு எம்.ஐ.டி. என்றால் மாசசூசெட்ஸ், புனேக்காரர்களுக்கும் மணிப்பால்காரர்களுக்கும் அவரவர் ஊரில் ஒரு எம்.ஐ.டி. உண்டு. கடைசியில் பின்கோடுதான் சாட்சி சொன்னது. 600044 என்று இருந்தால் குரோம்பேட்டை. பின்கோடும் இல்லாதவற்றைக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் தேடி எடுத்துத்தான் தீர்க்க முடிந்தது.

இணைப்புக் கல்லூரிகளின் கதை வேறு. எங்கள் கல்லூரி ஆசிரியர் ஒருவர் கட்டுரை எழுதினால், முதலில் கல்லூரிப் பெயரும் அதன் பின்னால் "அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது" என்ற தொடரும் வரும். சிலர் தம் கல்லூரியை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தை மட்டும் போடுவார்கள். பட்டம் அங்கேதானே வாங்கப் போகிறோம் என்பது அவர்கள் நியாயம். வேறு சிலர் தன்னாட்சி பெற்ற கல்லூரி என்பதால் பல்கலைக்கழகத்தைக் குறிப்பிடவே மாட்டார்கள். ஒரே வழிகாட்டியின் கீழ், ஒரே ஆய்வகத்தில், ஒரே கருவியில் வேலை பார்த்த இருவருடைய கட்டுரைகள் இப்படி வேறு வேறு நிறுவனங்களின் கணக்கில் ஏறுகின்றன. பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீடு இவ்வளவு என்று யாராவது ஒரு எண்ணைச் சொன்னால், இணைப்புக் கல்லூரிகளைச் சேர்த்தா, சேர்க்காமலா என்று நான் உடனே கேட்பேன். பெரும்பாலும் பதில் வராது.

முகவரியைச் சமாளித்துவிட்டுப் பெயர்களுக்கு வந்தேன். உண்மையான வேலை அங்கேதான் இருந்தது.

தரவுத்தளம் செய்தவர்களின் ஊரில் எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இல்லை. நமக்கு இருப்பது இனிஷியல். முருகேசன் மகன் செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரையில் எம். செந்தில்குமார் என்று போடுகிறார். இரண்டாவது இதழில் பெயரைப் பிரித்து, செந்தில் குமார் எம். என்று போடுகிறார்கள், தரவுத்தளம் குமாரைக் குடும்பப் பெயராக்கி, குமார் எம்.எஸ். என்று ஒருவரைப் படைத்துவிடுகிறது. பாஸ்போர்ட் எடுத்த பிறகு தந்தை பெயரை விரித்தெழுதி, வெளிநாட்டுக் கருத்தரங்கக் கட்டுரையில் செந்தில்குமார் முருகேசன் ஆகிறார். அங்கே அவர் முருகேசன் எஸ். இதுவரை ஒரு கட்டுரையும் எழுதாத தந்தை திடீரென்று ஆய்வாளராகிவிடுகிறார். ஒரே மனிதர், மூன்று ஆசிரியர்கள். எதிர்ப்பக்கம் பார்த்தால், குமார் எஸ். என்ற ஒரே பெயருக்குள் இயற்பியலில் ஒருவர், சிமெண்டில் ஒருவர், கம்பியில்லா வலைப்பின்னலில் ஒருவர் என்று கூட்டமே உட்கார்ந்திருக்கும். 2000களின் நடுப்பகுதி வரையிலான பதிவுகளில் முழுப்பெயரும் கிடைக்காது. இனிஷியலை மட்டும் வைத்துக்கொண்டு துப்பறிய வேண்டும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். திருமணத்துக்கு முன் தந்தையின் இனிஷியல், பின்னர் கணவரின் இனிஷியல். ஒரு பேராசிரியையின் கட்டுரைகளை நான் இரண்டு பெயர்களின் கீழ் எண்ணி வைத்திருந்தேன். இருவரும் ஒருவரே என்று தெரிந்தது, இரண்டு பெயர்களிலும் ஒரே கூட்டாசிரியர் திரும்பத் திரும்ப வந்ததால்தான். சேர்த்துப் பார்த்தால் அவர் பட்டியலில் மிக மேலே வந்தார். பிரித்து வைத்தபோது இருவருமே நடுவில் எங்கோ இருந்தார்கள். அட்டவணையை அவரிடம் காட்டியபோது, "அந்தப் பழைய பேர்ல எழுதினது யாரு கணக்குலயும் வராதுன்னு நானே விட்டுட்டேன் சார்" என்றார். 2012இல், ஒவ்வொரு ஆய்வாளருக்கும் தனி அடையாளம் தரும் ஓர்சிட் எண் வந்த பிறகு இது ஓரளவு சரியாகியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணைப் பதிவு செய்கிறவர்கள் இன்று எழுதுகிறவர்கள். ஓய்வு பெற்றுப் போனவர்களை யார் சேர்த்து வைப்பது?

பெயர்களை ஒழுங்கு செய்யாமல் போட்ட அட்டவணையையும், ஒழுங்கு செய்த பிறகு போட்டதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆல்ஃபிரெட் லோட்கா 1926இல் சொன்ன விதி ஒன்று உண்டு: ஒரே ஒரு கட்டுரை எழுதியவர்கள் 100 பேர் என்றால், இரண்டு எழுதியவர்கள் ஏறத்தாழ 25 பேர், மூன்று எழுதியவர்கள் 11 பேர் என்று கட்டுரைகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைந்துகொண்டே போகும். எங்கள் துறை ஆய்வேடுகளில் லோட்கா விதி பொருந்துகிறதா என்று சோதிக்க ஓர் இயல் கட்டாயம் இருக்கும். இனிஷியல் குழப்பத்தைத் தீர்க்காமல் அந்த இயலை எழுதினால், விதியைச் சோதிக்கிறோமா, நம் பெயரிடும் வழக்கத்தைச் சோதிக்கிறோமா என்று சொல்ல முடியாது. இப்படி எழுதி அச்சாகிவிட்ட கட்டுரைகளில் என்னுடையதும் ஒன்று இருக்கிறது. அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

எண்ணிக்கையில் வராத மிகப் பெரிய ஆள் யார் என்று என்னைக் கேட்டால் வா.செ. குழந்தைசாமியைச் சொல்வேன். தமிழ் வாசகர்களுக்கு அவர் குலோத்துங்கன் என்ற கவிஞர், எழுத்துச் சீர்திருத்தம் பேசியவர், 1988இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். நீரியல்காரர்களுக்கு அவர் ஒரு மாதிரியின் பெயர். ஆற்றுப் படுகையில் பெய்யும் மழைக்கும், ஆற்றின் வாயில் வந்து சேரும் நீருக்கும் உள்ள உறவைக் கணிதமாக்குவதுதான் சிக்கல். இடையில் நிலம் நீரைத் தேக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தத் தேக்கத்தை, உள்ளே வரும் நீர், வெளியேறும் நீர் இரண்டையும், அவை மாறும் வேகங்களையும் சேர்த்து ஒரே பொதுச் சமன்பாடாக அவர் எழுதினார். அதற்கு முன் பலர் தந்திருந்த மாதிரிகள் அதன் தனி நிலைகளாக அடங்கின. இலினாய் பல்கலைக்கழகத்தில் 1964இல் முனைவர் பட்டத்துக்குச் செய்த வேலை அது. பேராசிரியர் வென் டே சௌவோடு சேர்ந்து 1971இல் எழுதிய கட்டுரை அதை உலகத்துக்குக் கொண்டுபோனது.

1971இல் அண்ணா பல்கலைக்கழகம் இல்லை. 1981 முதல் 1990 வரை அதன் துணைவேந்தராக இருந்தவரின் தலைசிறந்த அறிவியல் பங்களிப்பு, அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வு வெளியீட்டுக் கணக்கில் ஒரு வரியாகக்கூட வராது. வரக்கூடாதுதான், முகவரிப்படி பார்த்தால் அதுவே சரி. இப்போதைய தரவரிசைகள் கடைசிச் சில ஆண்டுகளின் கட்டுரைகளைத்தான் பார்க்கின்றன என்பதால், முகவரி சரியாக இருந்திருந்தாலும் வந்திருக்காது. ஆனால் கிண்டியில் நீர்வளத்துறை இப்படி வளர்ந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்கிறவர் இந்த மனிதரைத் தாண்டிப் போக முடியாது.

எண்ணிக்கையில் நன்றாக வருவது எது என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணம் படிகங்கள். என் கோப்பில் இதழ்வாரியாக அட்டவணை போட்டபோது ஜர்னல் ஆஃப் கிரிஸ்டல் குரோத் மேலே வந்து நின்றதைப் பார்த்து, நூலகனான எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பின்னர்தான், பி. ராமசாமியின் முயற்சியால் 1982இல் கிண்டி வளாகத்தில் படிக வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டதையும், அங்கே பயின்றவர்கள் தமிழ்நாட்டுக் கல்லூரிகளெங்கும் பரவியதையும் தெரிந்துகொண்டேன். அவர் கே. சங்கரநாராயணனோடு சேர்ந்து 2005இல் வெளியிட்ட முறைக்கு உலகமெங்கும் எஸ்.ஆர். முறை என்றே பெயர். கண்ணாடிக் குழாயின் அடியில் விதைப் படிகத்தை வைத்துக் கரைசலை ஊற்றி, மேலே வளையச் சூடேற்றியால் நீரை ஆவியாக்கினால், படிகம் குழாயின் வடிவத்திலேயே ஒரே திசையில் மேல்நோக்கி வளரும். வேண்டிய திசையில் வளர்வதால் வெட்டி வீணாக்க வேண்டியதில்லை.

இந்த ஆராய்ச்சியை நான் நேரில் பார்த்தது ஒரு சிறிய ஊர்க் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில். மேசை மேல் வரிசையாகக் கண்ணாடிக் குவளைகள். ஒவ்வொன்றின் வாயையும் பாலித்தீன் தாளால் மூடி, ஊசியால் துளையிட்டிருந்தார்கள். ஒரு குவளையில் நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்ட விதைப் படிகம், கற்கண்டு நூலில் முதல் மணி பிடிப்பதுபோலப் பிடித்திருந்தது. மின்விசிறியைப் போடக் கூடாது, கதவைப் படாரென்று சாத்தக் கூடாது. மூன்று வாரம் அசையாமல் இருந்தால் ஒரு சென்டிமீட்டர் படிகம் கிடைக்கும். அதைப் பொடித்து, கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் லேசர் ஒளியை அதன் மேல் செலுத்தினால், பாதி அலைநீளத்தில், 532இல், பச்சை ஒளி வர வேண்டும். கே.டி.பி. என்ற பழைய படிகத்தைவிட எத்தனை மடங்கு வருகிறது என்று கணக்கிட்டால் கட்டுரையின் முக்கிய எண் தயார். அந்த லேசர் அந்தக் கல்லூரியில் இல்லை. பொடியைச் சிறிய பொட்டலத்தில் கட்டி, வசதியுள்ள வேறு ஊருக்கு அனுப்பி, அளந்து வாங்குவார்கள்.

கோடிக்கணக்கில் கருவி வாங்க முடியாத கல்லூரிகளில் அறிவியல் செய்ய இதைவிட நல்ல வழி இல்லை என்று எனக்குத் தோன்றியது. குவளையும் பொறுமையும் உள்ள யாரும் செய்யலாம். அதே காரணத்தால்தான் இது பெருகியது. அமினோ அமிலம் ஒன்று, உப்பு ஒன்று. இரண்டையும் கரைத்து வைத்தால் புதிய படிகம். அமிலத்தை மாற்றினால் அடுத்த கட்டுரை. ஆனால் இரண்டையும் கரைத்ததால் இரண்டும் சேர்ந்தே படிகமாகும் என்று கட்டாயமில்லை. ஒன்று மட்டும் தனியாக வெளியே வந்து உட்காரலாம். மிக்கேல் ஃபிளெக், ஆரம் பெட்ரோசியான் இருவரும் 2010இல் அதே ஜர்னல் ஆஃப் கிரிஸ்டல் குரோத் இதழில் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்: அமினோ அமில உப்புகள் என்று பல நாடுகளிலிருந்தும் அறிவிக்கப்பட்ட புதிய படிகங்களில் சில, ஆராய்ந்து பார்த்தால், தொடக்கத்தில் போட்ட பொருளேதான். எண்ணும் எனக்கு இது வயிற்றைக் கலக்கிய செய்தி. இருக்கும் படிகத்தைப் பற்றிய கட்டுரையும், இல்லாத படிகத்தைப் பற்றிய கட்டுரையும் என் அட்டவணையில் ஒவ்வொன்று. அது மட்டுமில்லை, தவறு என்று சுட்டிக்காட்டி எழுதப்படும் கட்டுரையும், தவறான கட்டுரைக்கு ஒரு மேற்கோளைக் கூட்டிவிடுகிறது.

மேற்கோளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலர் 2005இல் கொண்டுவந்த எச் குறியீடு இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஒருவரின் ஐந்து கட்டுரைகளுக்கு 10, 8, 5, 4, 3 என்று மேற்கோள்கள் கிடைத்திருந்தால் அவர் குறியீடு 4. அதாவது, குறைந்தது நான்கு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நான்கு. முதல் கட்டுரைக்கு 10 போய் 1,000 கிடைத்தாலும் குறியீடு 4தான். இதைத் துறைத்தலைவர் ஒருவருக்கு விளக்கியபோது, நீண்ட நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ரொம்ப நல்லா எழுதிப் பிரயோஜனம் இல்லைங்கறீங்க" என்றார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்றும் சொல்ல முடியவில்லை.

2009 ஏப்ரல் 20ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி12 கிளம்பியபோது, ரிசாட்-2 என்ற பெரிய செயற்கைக்கோளோடு 40 கிலோ எடையுள்ள அனுசாட்டும் போனது. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கி விண்ணுக்கு அனுப்பிய முதல் செயற்கைக்கோள் அது. இஸ்ரோவின் வழிகாட்டலில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஆசிரியர்களும் மாணவர்களும் பல ஆண்டு உழைத்துச் செய்தது. ஓரிடத்திலிருந்து வரும் செய்தியை வாங்கிச் சேமித்து, பூமியைச் சுற்றி வரும்போது இன்னோரிடத்தில் இறக்கிக் கொடுப்பது அதன் வேலை. ஏறத்தாழ மூன்று ஆண்டு சுற்றிவிட்டு 2012 ஏப்ரலில் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்தது. என் கோப்பில் அனுசாட்டைத் தேடினேன். அதற்குச் செலவான உழைப்போடு ஒப்பிட்டால் கிடைத்தது மிகச் சொற்பம். சூடு தாங்குமா என்று இரவெல்லாம் விழித்திருந்து சோதித்தவர், அந்த நேரத்தில் மூன்று கட்டுரை எழுதியிருந்தால் என் அட்டவணையில் இடம்பிடித்திருப்பார். செயற்கைக்கோளுக்கு அட்டவணையில் பத்தி இல்லை. நானாக ஒரு பத்தி சேர்த்தேன், வழிகாட்டி அடித்துவிட்டார். அவர் சொன்ன காரணம் நியாயமானதுதான்: ஒன்று மட்டும் இருக்கும் பத்தியை வைத்துக்கொண்டு என்ன புள்ளியியல் செய்வது?

நான் பட்டம் வாங்கிய பிறகு உலகம் இன்னும் வேகமாக மாறியது. தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பை 2015இல் அறிவித்து, 2016இல் முதல் பட்டியலை வெளியிட்டார்கள். பொறியியல் பிரிவில் ஆராய்ச்சிக்கும் தொழில்சார் பணிக்கும் 30 விழுக்காடு. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று 2024இல் தனிப் பிரிவு வந்தபோது அண்ணா பல்கலைக்கழகம் அதில் முதலிடம் பெற்றது. எங்கள் கல்லூரி வாட்ஸாப் குழுவில் அன்று முழுக்கப் பூங்கொத்துப் படங்கள். பட்டியலுக்கான கட்டுரை எண்ணிக்கையைக் கணினிதான் எடுக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கை பெருக வேண்டும் என்ற நெருக்கடி கணினிக்கு இல்லை. அது துறைக்கூட்டங்களில் பிறந்து, மிகக் குறைந்த சம்பளத்தில் வாரத்துக்கு 20 வகுப்பு எடுக்கும் உதவிப் பேராசிரியரின் தலையில் வந்து இறங்குகிறது. அவரும் பகுதிநேர ஸ்காலர். கல்விக் கட்டணத்தையும், இதழ் கேட்கும் வெளியீட்டுக் கட்டணத்தையும் கைக்காசில் கட்டுகிறவர்.

அந்த நெருக்கடிக்குச் சந்தை பிறந்தது. பல்கலைக்கழக மானியக் குழு தானே ஏற்றுக்கொண்டிருந்த பட்டியலிலிருந்து 2018 மே மாதம் 4,305 இதழ்களை நீக்கியது என்றால், அதுவரை அவற்றில் வெளியிட்டவர்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அனெக்ஸரில் இருந்த இதழ் ஒரு நாள் காலையில் இல்லாமல்போக, கட்டுரை ஏற்கப்பட்ட கடிதத்தோடு என் மேசை முன்னால் வந்து நின்றவர்களை எனக்குத் தெரியும். பிறகு பெயர்பெற்ற பதிப்பகங்களிலேயே சிறப்பிதழ் என்ற வாசல் திறந்தது. ஹிண்டாவி பதிப்பகம் மட்டும் 2023இல் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளை நம்பத்தகாதவை என்று திரும்பப் பெற்றது. உலகெங்கும் இருந்து எழுதியவர்கள் அதில் இருந்தார்கள்; நம்மவர்களும் இருந்தார்கள்.

இப்படிப்பட்ட போலிக் கட்டுரைகளைக் கண்டுபிடித்த விதங்களில் ஒன்று நூலகனுக்கு வேடிக்கையானது. பிரான்சைச் சேர்ந்த கியோம் கபனாக்கும் அவர் கூட்டாளிகளும் 2021இல் விசித்திரமான சொற்றொடர்களைத் தேடத் தொடங்கினார்கள். களவு தெரியாமலிருக்க, பிறர் கட்டுரையை மென்பொருளில் போட்டுச் சொல்லுக்குச் சொல் மாற்றியிருப்பார்கள். அதனால் ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்பது கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ் ஆகியிருக்கும். பிரெஸ்ட் கேன்சர் என்பது பூசம் பெரில் ஆகியிருக்கும். தமிழில் சொன்னால், செயற்கை நுண்ணறிவைக் கள்ள உணர்வு என்றும், மார்பகப் புற்றுநோயை நெஞ்சகத்து ஆபத்து என்றும் எழுதி ஒருவர் முனைவராவதைப் போன்றது. இதைப் படித்த அன்று, எங்கள் கல்லூரிப் பெயரில் வந்த கட்டுரைகளையெல்லாம் இறக்கி அந்தச் சொற்களைத் தேடினேன். என்ன கிடைத்தது என்பதைப் பற்றி நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். பதில் இன்றுவரை வரவில்லை.

மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட புதிய விதிமுறையில், முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். 2025 தரவரிசையில், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில் ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் தொடங்கி, அரசு நிறுவனங்களுக்கு 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டன. சுயநிதிக் கல்லூரிகளுக்கு இல்லை. கட்டுரை எழுதியே ஆக வேண்டியவர்களில் பெரும்பகுதியினர் எங்களைப் போன்ற கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள்; அவர்கள் படிக்க வேண்டிய கட்டுரைக்கு நான் இன்னும் அதன் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதி, பிரதி கேட்டு வாங்கித் தருகிறேன். ஐந்து பேருக்கு எழுதினால் இருவராவது அனுப்பிவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர்கள் சிலர், இணைப்போடு இரண்டு வரி விசாரிப்பும் எழுதுவார்கள். அதை ஸ்காலரிடம் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்தப் பழைய எக்செல் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. தீர்க்கப்பட்ட பெயர்களுக்குப் பச்சை, சந்தேகமானவற்றுக்கு மஞ்சள், யாரென்றே தெரியாதவற்றுக்கு நிறமில்லாத வெள்ளை. ஆய்வேட்டில் வெள்ளை வரிசைகளை இதரர் என்று ஒரே தலைப்பில் தள்ளிவிட்டேன். இப்போதும் எப்போதாவது, வேறு வேலையாகத் தேடும்போது, பழைய ஆய்வேடு ஒன்றின் நன்றியுரையில் முழுப்பெயரும் தந்தை பெயரும் சேர்ந்து கண்ணில் பட்டுவிடும். அப்போது கோப்பைத் திறந்து ஒரு வரிசையைப் பச்சையாக்குவேன். போன மாதம் ஒன்று அப்படி மாறியது: 1980களில் ஒரே ஒரு கட்டுரை எழுதியவர், மெட்ராஸ் 600025, குமார் எஸ்.